டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்: பெட்ரோல், டீசல் கார் கேள்வி பதில்

மாதம் எத்தனை கி.மீ. ஓடுகிறது, ஒரு தடவை வண்டியை எடுத்தால் எவ்வளவு தூரம் போகிறீர்கள், வண்டி எந்த வருடத்தது: இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். இவை இல்லாமல் பெட்ரோலா டீசலா என்று யாராலும் சொல்ல முடியாது.

திருச்சி: சார், மாதம் 900 கி.மீ. ஓட்டம். டீசல் விலையும் குறைவு, மைலேஜும் கூட. டீசலே எடுத்துவிடலாமா?

பதில்: கணக்குப் போட்டுவிடுவோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய், டீசல் 92 என்று வையுங்கள். ஊருக்குள்ளும் ஹைவேயிலும் கலந்து ஓட்டினால் பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 14 கி.மீ., டீசல் வண்டி 18 கொடுக்கும் என்று கொள்வோம். கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 7.21 ரூபாய், டீசல் செலவு 5.11. மிச்சம் 2.10. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 1,890 ரூபாய்.

இனி வாங்கும் விலை. பெட்ரோல் 9.60 லட்சம், அதே வண்டி டீசலில் 10.90 லட்சம் என்றால் வித்தியாசம் 1.30 லட்சம்தானே என்று நினைப்பீர்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. பெட்ரோலுக்கு 1.25 லட்சம் வரி, டீசலுக்கு 1.96 லட்சம். ஆக மொத்த வித்தியாசம் 2 லட்சத்துக்கு மேல். மாதம் 1,890 வீதம் அதை மீட்க ஏறக்குறைய 9 வருடம் ஆகும். மாதம் 2,500 கி.மீ. ஓட்டுகிறவருக்கு அதே தொகை 3 வருடம் சொச்சத்தில் திரும்பிவிடும். நீங்கள் பெட்ரோல் எடுங்கள்.

மதுரை: கம்பெனி 22 என்று சொல்லி விற்றார்கள், எனக்கு 14தான் வருகிறது. இன்ஜினில் கோளாறா?

பதில்: இல்லை. அந்த 22 ரோட்டில் எடுத்த அளவே அல்ல. உருளை மேல் வண்டியை நிறுத்தி, ஏசி போடாமல், மெதுவாக வேகம் கூட்டி, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி எடுத்தது. உங்கள் ஊர் சிக்னலும் மே மாத ஏசியும் அதில் கிடையாது. ஊருக்குள் மூன்றில் ஒரு பங்கு குறைவது சாதாரணம்.

டேஷ்போர்டில் தெரியும் எண்ணை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். பல வண்டிகளில் அது கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரே பங்க், ஒரே பம்ப், பம்ப் தானாக நிற்கும் முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக்குகிறேன் என்று மேலே ஊற்ற விடாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். குறைந்தது 300 கி.மீ. ஓட்டி, அங்கேயே அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

வேளச்சேரி: அண்ணா, 2021 டீசல். தினமும் ஸ்கூல், ஆபீஸ் என்று 6 கி.மீ.தான். டிபிஎஃப் விளக்கு எரிகிறது. ஓட்டலாமா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் இன்று அதிக நேரம் கொடுக்கப்போகிறேன், ஏனென்றால் பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதுதான் டிபிஎஃப். பிடித்த கரியை அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்க வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். 6 கி.மீ. ஓட்டத்தில் இன்ஜினே சரியாகச் சூடாகாது. எரிக்க ஆரம்பித்த நேரம் பார்த்து நீங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறீர்கள். பாதி எரிந்த கரி அப்படியே நிற்கிறது. எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலக்கிறது. ஆயில் நீர்த்தால் முதலில் அடிவாங்குவது டர்போ பேரிங், அடுத்து கிராங்க் பேரிங்.

விளக்கு நிலையாக எரிகிறது, வண்டி இழுவை குறையவில்லை என்றால் இன்றே வெளிவட்டச் சாலைக்கோ ஈசிஆருக்கோ எடுத்துப் போங்கள். டேங்கில் கால் பாகத்துக்கு மேல் டீசல் இருக்கட்டும். ஒரு கியர் குறைத்து 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்மில், 60 கி.மீ. வேகத்துக்குக் குறையாமல் 20 நிமிடம் விடாமல் ஓட்டுங்கள். விளக்கு அணைந்த பிறகும் 5 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். விளக்கு மினுக்கினாலோ, இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து இழுவை செத்துப்போனாலோ இப்படி ஓட்டக் கூடாது. சர்வீசில் ஸ்கேனர் போட்டுக் கரியை எரிக்கச் சொல்லுங்கள்.

வீடு வந்ததும் டிப்ஸ்டிக்கை, அதாவது இன்ஜின் ஆயில் அளவு காட்டும் கம்பியை, இழுத்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் அது டீசல் கலந்த ஆயில். சர்வீஸ் தேதிக்குக் காத்திராமல் ஃபில்டரோடு மாற்றுங்கள். டின்னில் சாம்பல் குறைந்த ஆயிலுக்கான தரக்குறியீடான ஏசிஇஏ சி2 அல்லது சி3, உங்கள் மேனுவலில் எது போட்டிருக்கிறதோ அதுவே இருக்க வேண்டும். வேறு ஆயிலின் சாம்பல் டிபிஎஃப்பை அடைக்கும், சாம்பலை எரித்து நீக்க முடியாது. டிபிஎஃப்பைக் கழற்றி வெறும் குழாய் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம், அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் பிள்ளையின் பள்ளி வாசல்.

விழுப்புரம்: மாதம் 700 கி.மீ. டீசலா பெட்ரோலா?

பதில்: பெட்ரோல். திருச்சிக்குச் சொன்ன கணக்கில் உங்கள் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஈரோடு: 2018 பெட்ரோல் கார். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்து 16 கொடுத்தது 15 ஆகிவிட்டது. இன்ஜின் போய்விட்டதா?

பதில்: இன்ஜின் போகவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் கலந்தால் கலப்பில்லாத பெட்ரோலைவிட சுமார் 7 சதவீதம் சக்தி குறையும். உங்கள் 16க்கு 15 அதோடு ஒத்துப்போகிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது ரப்பர். பழைய வண்டியின் எரிபொருள் ஹோஸ், ஓரிங் எல்லாம் இந்தக் கலவைக்காகச் செய்தவை அல்ல. சர்வீசில் ஹோஸ் உப்பியிருக்கிறதா, கசிவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் பாதி டேங்கோடு விடாதீர்கள்.

நாமக்கல்: வணக்கம். மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்பதை நீங்கள் ஏன் சொல்லவில்லை? 20 வருடமாக லாரியும் காரும் ஓட்டுகிறேன்.

பதில்: வணக்கம் ஐயா. சொல்லாததற்குக் காரணம், அதில் மிச்சம் இல்லை. கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இப்போதைய இன்ஜினில் இன்ஜெக்டர் முழுக்க மூடிக்கொள்ளும். செலவு பூஜ்யம். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க மணிக்கு 0.6, 0.7 லிட்டர் எரித்தே ஆகவேண்டும்.

நாமக்கல்: அனுபவத்தில் மைலேஜ் கூடியதைப் பார்த்திருக்கிறேனே.

பதில்: பார்த்திருப்பீர்கள். கார்பரேட்டர் காலத்து அம்பாசிடர், பத்மினியில் கியரில் இறங்கினாலும் இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அங்கே நியூட்ரலில் விட்டால் மிச்சம்தான். இன்றைய காரிலும் லேசான சரிவில், கியரில் வைத்தால் வேகம் செத்து மறுபடி மிதிக்க வேண்டிய இடத்தில், நியூட்ரல் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். ஒத்துக்கொள்கிறேன். மலை இறக்கம் அப்படி அல்ல.

ஊட்டி: கல்லட்டி இறக்கத்தில் 36 கொண்டை ஊசி. அங்கே நியூட்ரலில் விட்டால் பாதியிலேயே பிரேக் கருகும் வாசனை வரும். ஐயா அதைச் சொல்லட்டும்.

நாமக்கல்: பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கத் தெரிந்தவனுக்குக் கருகாது. கொல்லிமலை 70 வளைவும் எனக்குத் தெரியும்.

பதில்: உங்கள் கைத்திறனைக் குறைத்துப் பேசவில்லை ஐயா. ஆனால் இதைப் படித்துவிட்டு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு முதல் தடவை மலை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். கணக்கையே பாருங்கள். 12 கி.மீ. இறக்கம், மணிக்கு 30 வேகம், 24 நிமிடம். நியூட்ரலில் 0.28 லிட்டர் எரியும், 26 ரூபாய். கியரில் இறங்கினால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அதாவது நியூட்ரலில்தான் செலவு, போதாததற்குப் பிரேக் பேடும் தேயும். சூடேறிய பேட் பிடிக்காது, பிரேக் ஆயில் பழசாக இருந்தால் கொதித்துக் குமிழி விட்டுப் பெடல் தரையைத் தொடும். இன்ஜினையே அணைத்து இறங்குகிறவர்களுக்கு: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டரில் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

ஏறின கியரிலேயே இறங்குங்கள். டீசல் காரில் இன்னும் ஒரு கியர் குறைத்து வையுங்கள். பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியின் மூடியான த்ராட்டில் மூடிக்கொண்டு, காற்றைத் தடுத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும், டீசலில் அந்தப் பிடி குறைவு.

நாமக்கல்: காருக்கு நீங்கள் சொல்வது சரி. ஏர் பிரேக் லாரியிலும் இன்ஜினை அணைத்தால் பிரேக்குக்கு வேண்டிய ஏர் ஏறாது என்பதை நானே சொல்லிவிடுகிறேன்.

பதில்: நன்றி ஐயா. நியூட்ரல் பற்றி இன்னும் பதினோரு பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்தான்.

தஞ்சாவூர்: டெல்லி பதிவெண் டீசல், 9 வருடம், பாதி விலை. வாங்கலாமா?

பதில்: 10 வருட டீசல் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. இங்கே ஆர்சி என்ற பதிவுச் சான்று 15 வருடம், பிறகு எஃப்சி என்ற தகுதிச் சான்று பார்த்து நீட்டிக்கலாம். ஆனால் அங்கிருந்து என்ஓசி என்ற தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்தபின் அது பாதி விலையா என்று பாருங்கள். வண்டியைக் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. புகைக்குழாயில் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, கரும்புகை என்றால் டீசல் மிகை அல்லது காற்றுக் குறைவு. மெக்கானிக்கை வைத்து இன்ஜெக்டர் லீக் டெஸ்ட் எடுங்கள். டிப்ஸ்டிக்கையும் பாருங்கள்.

கடலூர்: ஸ்விஃப்ட் டீசல் எவ்வளவு கொடுக்கும்?

பதில்: மேலே மூன்று விவரம் கேட்டிருந்தேன்.

சேலம்: டீசல் இன்ஜின் 5 லட்சம் ஓடும், பெட்ரோல் 1.5 லட்சத்தில் முடிந்துவிடும் என்கிறார்களே?

பதில்: டீசலின் அழுத்த விகிதம் 16க்கு 1 அளவில் இருப்பதால் பிளாக்கும் கிராங்க்கும் கனமாகச் செய்யப்படுகின்றன. அவை நீடிக்கும். ஆனால் சுற்றியிருக்கும் இன்ஜெக்டர், டர்போ, புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் இஜிஆர் வால்வு, டிபிஎஃப் நீடிக்குமா என்பதுதான் இன்றைய கேள்வி. டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் 2 லட்சத்தைச் சுலபமாகத் தாண்டும். கெடுவதற்கு அதில் பாகங்களே குறைவு.

தூத்துக்குடி: டீசல் காரில் பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள்!

பதில்: சாவியைத் திருப்பவே திருப்பாதீர்கள், ஆன் நிலைக்குக்கூட. திருப்பினால் பல வண்டிகளில் டேங்க் பம்ப் ஓடிப் பெட்ரோலை முன்னால் தள்ளிவிடும். ஹை பிரஷர் பம்புக்கு எண்ணெய்ப் பசை டீசல்தான். பெட்ரோலில் அது உலர்ந்து தேய்ந்து, இரும்புத் தூளை இன்ஜெக்டர் வரை அனுப்பும். தள்ளி ஓரம் கட்டி, டேங்கை முழுக்க வடித்து, டீசல் ஃபில்டரை மாற்றிய பிறகே ஸ்டார்ட்.

கரூர்: சிஎன்ஜி, எலெக்ட்ரிக் பற்றி?

பதில்: அவற்றை ஓட்டிப் பராமரிக்கிறவர்களிடம் கேளுங்கள், என் துறை அல்ல.

வேளச்சேரி: அண்ணா, 25 நிமிடம் ஓட்டினேன், விளக்கு அணைந்தது. டிப்ஸ்டிக்கை எப்போது பார்ப்பது?

பதில்: சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து. ஒருமுறை இழுத்துத் துடைத்து, முழுக்கச் செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். முனையை முகர்ந்தால் டீசல் வாசனை தெரியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து, அளவைத் தேதியோடு குறித்து வையுங்கள். ஆயில் குறைந்தால் கசிவு அல்லது எரிதல், ஏறினால் டீசல். ஞாயிற்றுக்கிழமைதோறும் 40 கி.மீ. ஹைவே ஓட்டம் போடமுடியாது என்றால் அந்த வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் வண்டி எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி.