இரண்டேகால் வயதாகியும் பேச்சு வரவில்லை, காத்திருக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது. இருபது வார்த்தை சொல்வான், அவ்வளவுதான். 'அம்மா வா' என்று இரண்டைச் சேர்த்துச் சொல்வதில்லை. "அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான், தானாகப் பேசுவான்" என்கிறார் மாமியார். நானும் கணவரும் ஆளுக்கொரு மொழி பேசுவதால் பிள்ளை குழம்புகிறான் என்கிறாள் தோழி. ஒரு மொழியை நிறுத்திவிடட்டுமா? அல்லது பொறுத்துப் பார்க்கட்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

மாமியார் ஆறுதலாகச் சொன்ன விஷயத்தைத்தான் ஆய்வாளர்கள் எச்சரிக்கைக் குறியாகப் பார்க்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1,766 இரண்டு வயதுக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. 13.4 சதவீதம் பேர் பேச்சில் பின்தங்கியிருந்தார்கள். குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசியிருந்தால் அதற்கான வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. ஆண் குழந்தை என்றால் இன்னும் கூடுதல். மாமியார் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை: இப்படிப்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் பள்ளி வயதுக்குள் தேறிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் பிள்ளை அதில் ஒருவனா என்று இப்போது யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. காது, அறிவுத்திறன் எல்லாம் சரியாக இருந்தும் மொழி மட்டும் தடுமாறுகிற குழந்தைகள் நூற்றுக்கு ஏழு பேர் இருக்கிறார்கள்.

எத்தனை வார்த்தை சொல்கிறான் என்பதைவிட எவ்வளவு புரிந்துகொள்கிறான் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு, பந்தைப் பார்க்காமல், "பந்தை எடுத்து அப்பாகிட்ட குடு" என்று சொல்லிப் பாருங்கள். நாம் நம்மை அறியாமல் கண்ணாலும் கையாலும் காட்டிவிடுகிறோம். பிள்ளை அந்த ஜாடையைப் பிடித்துக்கொண்டு செய்ய, நாம் "எல்லாம் புரியுது" என்று நினைத்துக்கொள்கிறோம். வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா என்றும் பாருங்கள். சொன்னதும் புரியவில்லை, சுட்டுவதும் இல்லை என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

தோழி சொன்னதற்கு ஆதாரமே இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. அந்த இருபது வார்த்தையும் உங்கள் மொழியில் மட்டும் எண்ணியதா? அப்படியானால் அப்பாவின் மொழியில் சொல்வதையும் சேர்த்து எண்ணுங்கள். கணக்கு ஏறலாம்.

அப்புறம், போன். பேச்சு வரட்டும் என்று பாட்டு வீடியோ போட்டுக் கொடுக்கிறீர்களா? குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பட்ரீஷியா கூல் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு, ஒன்பது மாத வயதில், சிலருக்கு நேரில் ஆள் உட்கார்ந்து சீன மொழியில் பேசினார். சிலருக்கு அதே பேச்சை வீடியோவில் காட்டினார்கள். நேரில் கேட்டவர்களுக்கு அந்த மொழியின் ஒலிகள் பிடிபட்டன. வீடியோ பார்த்தவர்களுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"சொல்லு, சொல்லு" என்று விரட்டுவதையும் விடுங்கள். அவன் "காரு" என்றால், "ஆமா, பெரிய காரு போகுது" என்று ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை கூட்டிச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு இருங்கள். இந்தக் காத்திருப்புதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

இதெல்லாம் வீட்டில் நடக்கட்டும். கூடவே காது பரிசோதனைக்கு நாள் வாங்குங்கள். கதவு அடித்தால் திரும்புகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பெரிய சத்தம் கேட்கும் பிள்ளைக்கு 'ஸ', 'ஃப' மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவிப் போகலாம். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியிருந்தாலும், பிறகு சளியால் காதுக்குள் நீர் கோத்திருக்கலாம்.

அது முடிந்ததும் பேச்சு மொழி சிகிச்சையாளரைப் பாருங்கள். புது இடத்தில் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். அதனால் வீட்டில் அவன் விளையாடும்போது ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து, இரண்டு மொழி வார்த்தைப் பட்டியலோடு கொண்டுபோங்கள். கணவர் சரியாக எப்போது பேசத் தொடங்கினார் என்பதை மாமியாரிடம் கேட்டு அதையும் அங்கே சொல்லுங்கள்.