வாரத்துக்கு நான்கு மணி நேரம்: நகர மன்றத்திடம் கோரிக்கையோடு போவது எப்படி?

கேள்வி: கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் பகுதியில் எந்தக் கட்சியையும் சேராத குடிமக்கள் குழு ஒன்று இயங்குகிறது. பள்ளிக்கு எதிரே உள்ள சாலையில் பாதசாரிகள் கடக்க ஒரு பாதை வேண்டும் என்று கேட்க, நகர மன்ற உறுப்பினர்களைச் சந்திக்கப் போகிறார்கள், என்னையும் அழைக்கிறார்கள். எனக்குத் தயக்கம். இது லாபி செய்வதுதானே, அதாவது முடிவெடுப்பவர்களிடம் போய் நமக்கு வேண்டியதை வலியுறுத்துவது? அப்படியானால் கட்சி சார்பற்ற குழு என்று எப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்? நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கவும் முடியாது. இதில் என்னால் ஏதாவது ஆகுமா?

பதில்: சேருங்கள். உங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களைப் படித்தபோது, இப்படிப்பட்ட குழுக்கள் தேடி அலைகிற ஆள் இவர்தான் என்று எனக்குத் தோன்றியது. கணக்கு படிக்கத் தெரிந்தவர், அதிகம் பேசாதவர். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் லாபி. ஆம், இது லாபிதான். அந்தச் சொல்லைக் கண்டு ஒதுங்க வேண்டாம். மூடிய அறையில் பணத்தோடு நடப்பதால் அந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்துவிட்டது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போய், ஊரறிய, தனக்கென்று இலாபம் எதுவும் இல்லாமல், ‘இது வேண்டும், காரணம் இது’ என்று சொல்வது குடிமக்களின் உரிமை. கட்சி சார்பற்ற குழு என்றால் எந்தப் பிரச்சினையிலும் கருத்தே சொல்லாத குழு என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. எந்த வேட்பாளரையும், எந்தக் கட்சியையும் அது ஆதரிக்காது, எதிர்க்கவும் செய்யாது. கோடு அங்கேதான் இருக்கிறது. பள்ளிச் சாலை, குடிநீர், நூலக நேரம் என்று எதைப் பற்றியும் அது உறுதியான நிலைப்பாடு எடுக்கலாம்.

இதற்கு நூறாண்டு கடந்த முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியாகும் தறுவாயில், 1920 பிப்ரவரியில், பெண் வாக்குரிமைப் போராட்டத் தலைவர் கேரி சாப்மன் கேட் முன்னின்று பெண் வாக்காளர் சங்கத்தைத் தொடங்கினார். இன்று வரை அந்தச் சங்கம் எந்த வேட்பாளருக்கும் ஆதரவு தருவதில்லை. ஆனால் சட்டமன்றங்களில் தொடர்ந்து லாபி செய்கிறது. அதன் வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு விஷயத்தில் நிலைப்பாடு எடுப்பதற்கு முன் உறுப்பினர்கள் அதை முறையாகப் படித்து, விவாதித்து, இணக்கத்துக்கு வந்த பிறகுதான் வெளியே பேசுவார்கள். இந்தியாவில் 1999இல் பேராசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் வேறொரு வழியில் சென்றது. வேட்பாளர்கள் தங்கள் மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்து விவரங்களையும் வெளியிட வேண்டும் என்று அது வழக்குத் தொடுத்தது; 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அந்த விதி எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்தியதைக் கவனியுங்கள்.

எதுவரை போகலாம் என்ற சட்ட எல்லை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற அறப்பணி அமைப்புகள் வேட்பாளர்களுக்காகப் பிரசாரம் செய்ய 1954 முதல் தடை இருக்கிறது. அளவோடு லாபி செய்ய அனுமதி உண்டு. உங்கள் குழு எப்படிப் பதிவாகியிருக்கிறது, எந்த விதிக்கு உட்பட்டது என்று சேரும் முன்பே கேளுங்கள். பொறுப்பில் இருப்பவர்கள் எவரேனும் கட்சிப் பதவி வகிக்கிறார்களா, பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேளுங்கள். தேர்தல் நேரத்தில் கூட்டம் நடத்தினால் எல்லா வேட்பாளர்களுக்கும் அழைப்பு போகிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் கேட்டதற்காக முகம் சுளிக்கும் குழுவென்றால் வேறு குழு தேடுவது நல்லது.

இனி வேலைக்கு வருகிறேன்.

கோரிக்கை எழுதுவதற்கு முன் அந்தச் சாலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள். நகர மன்றத்தின் சாலையா, நெடுஞ்சாலைத் துறையின் சாலையா? இது தெரியாமல் கொடுத்த மனுக்கள் மேசை மேசையாகச் சுற்றி, கடைசியில் ‘எங்கள் எல்லைக்குள் வராது’ என்ற ஒற்றை வரிப் பதிலோடு திரும்பி வந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குள் எட்டு மாதம் போயிருக்கும். கையெழுத்துப் போட்டவர்கள் சோர்ந்திருப்பார்கள்.

அடுத்தது காலம். நகர மன்றத்தின் வரவு செலவுத் திட்டம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும்போது, தொகைகள் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அதற்குச் சில மாதங்கள் முன்பே துறைகள் தங்கள் மதிப்பீடுகளை அனுப்பிவிடுகின்றன. கோரிக்கை நுழைய வேண்டிய வாசல் அதுதான். அந்த நேரத்தில் வாசலில் பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தைத் தொடங்கி, இந்தக் கட்டத்துக்கே குடிமக்களை அழைத்து வந்தது. உங்கள் ஊரில் அந்த ஏற்பாடு இல்லாவிட்டாலும், எந்த மாதம் மதிப்பீடு தயாராகிறது என்று அலுவலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். போன ஆண்டுத் திட்டத்தை எடுத்து, சாலைப் பாதுகாப்புத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, எவ்வளவு மிஞ்சியது என்று பாருங்கள். ‘நிதி இல்லை’ என்று உறுப்பினர் சொல்லும்போது, செலவாகாத தொகையைப் பக்க எண்ணோடு காட்டுபவர் குழுவில் ஒருவர் இருந்தால் பேச்சின் போக்கே மாறும். அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.

கணக்கேடு என்றால் எனக்கு ராஜஸ்தான்தான் நினைவுக்கு வரும். 1994இல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு நடத்திய மக்கள் விசாரணைகளில், அரசு வேலைகளின் கூலிப் பட்டியல் ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படிக்கப்பட்டது. இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுக்கப்பட்டது என்று பட்டியல் சொல்லும். பெயருக்குரியவர் அங்கேயே எழுந்து, ‘நான் அந்த வேலைக்கே போகவில்லை’ என்பார். அதிகாரியிடம் இருந்த காகிதம் ஊர்மக்கள் காதில் விழுந்தது, அவ்வளவுதான் நடந்தது. 2005இல் இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததற்கு அந்த இயக்கம் பெரும் காரணம். அச்சட்டப்படி பொதுவாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஸ்வீடன் 1766லேயே அரசு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைச் சட்டமாக்கிவிட்டது. உங்கள் நாட்டில் உள்ள சட்டத்தின்படி விண்ணப்பம் எழுதுவதும் உட்கார்ந்த இடத்தில் செய்யக்கூடிய தன்னார்வப் பணியே. கேள்வியைச் சுருக்கமாக, ஒரே ஆவணத்தைக் குறித்து எழுதுங்கள்.

பேச வராது என்றீர்கள். மன்றக் கூட்டங்களில் பார்வையாளராக உட்காருவது, நான் மேலே சொன்ன பெண் வாக்காளர் சங்கத்தின் கிளைகள் பல தொடர்ந்து செய்துவரும் வேலை. பார்வையாளர் அங்கே வாய் திறக்கக் கூடாது. நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, எந்த உறுப்பினர் என்ன கேட்டார், எந்தப் பொருள் விவாதமே இல்லாமல் நிறைவேறியது, எது ஒத்திவைக்கப்பட்டது என்று குறித்துவர வேண்டும். நான்கு கூட்டம் போனாலே, சாலை விஷயத்தில் எல்லோரும் யார் முகத்தைப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். தலைவரின் முகமாக அது இருக்க வேண்டியதில்லை.

சான்று திரட்டுவதும் அப்படியே. சில ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு கோரிக்கைக்காக நான் ஒரு பள்ளி எதிரே காலையில் எண்ணப் போயிருந்தேன். மடக்கு நாற்காலி, அட்டை, பென்சில். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால் ஓர் ஐந்து. குழந்தைகளுக்கு ஒரு பத்தி, பெரியவர்களுக்கு ஒன்று, நடுச்சாலையில் நின்றுவிட்டுத் திரும்பியவர்களுக்கு ஒன்று. மூன்றாவது பத்தி வேண்டும் என்று முதலில் எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு சிறுமி தம்பியின் புத்தகப் பையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய், வண்டி வரவும் அவனை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கே திரும்பியதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பத்தியைப் போட்டோம். பிறகு மன்றத்தில் அதிகம் பேசப்பட்டது அந்தப் பத்திதான். வெவ்வேறு நாட்களில் போங்கள்; ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாக எண்ணுங்கள். இருவர் கணக்கும் ஒத்துப்போனால் எவரும் சந்தேகப்பட முடியாது. மழை நாளையும் விட்டுவிடாதீர்கள்.

சந்திப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் சந்திப்பை நாங்கள் பாழாக்கினோம். ஒன்பது பேர் போனோம், ஏழு கோரிக்கைகள். ஒவ்வொருவரும் ஒன்றைப் பேசினோம். உறுப்பினர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ‘பார்க்கிறேன்’ என்றார். அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? அடுத்த முறை மூவர் போனோம். அந்தச் சாலையைத் தினமும் கடக்கும் ஒருவர், எண்ணிக்கை தெரிந்த ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். கையில் ஒரே ஒரு தாள். அதில் பிரச்சினை நான்கு வரி, எண்ணிக்கை ஒரு சிறு அட்டவணை, கீழே தடித்த எழுத்தில் கோரிக்கை. ‘ஆவன செய்ய வேண்டும்’ என்று முடித்தால் யாரும் எதையும் செய்யத் தேவையில்லை. ‘அடுத்த கூட்டத்தில் இந்த இடத்தைப் போக்குவரத்து ஆய்வுக்கு அனுப்பும் தீர்மானத்தை முன்மொழிவீர்களா?’ என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நம் ஆட்களே ஏதாவது பேசி உறுப்பினரைக் காப்பாற்றிவிடுவார்கள். அதிகம் பேசாதவர்கள் தேவை என்று சொன்னேன் அல்லவா? இந்த இடத்துக்காகத்தான்.

தெரியாததைக் கேட்டால் ஊகித்துச் சொல்லாதீர்கள். ‘தெரியவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் எழுதி அனுப்புகிறோம்’ என்று சொல்லி, வியாழக்கிழமையே அனுப்பிவிடுங்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வாகனங்கள் தேங்கும் என்பார்கள், அதற்கும் அந்தத் தாளில் இரண்டு வரி இருக்கட்டும். ‘அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சு எவர் வாயிலிருந்தும் வரக் கூடாது. அது ஒன்று வந்துவிட்டால் உங்கள் குழுவின் கட்சி சார்பின்மை அந்த அறையிலேயே போய்விடும். எதிர்ப்பார் என்று தெரிந்த உறுப்பினரையும் சந்தியுங்கள். உறுப்பினரின் உதவியாளரிடம் மரியாதையாகப் பழகுங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.

ஒரே வாசகத்தை அச்சடித்து ஐநூறு பேர் அனுப்பும் கடிதத்தை விட, தங்கள் பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடப்பதைப் பற்றித் தாய்மார்கள் சொந்தச் சொற்களில் எழுதிய பத்துக் கடிதம் மேல் என்பது என் அனுபவம்.

நான்கு மணி நேரம் போதுமா என்றால், ஒரே கோரிக்கையைப் பிடித்துக்கொண்டால் போதும். கூட்டம் நடக்கும் வாரத்தில் ஒரு மாலை அங்கே போய்விடும். மற்ற வாரங்களில் எண்ணுவது, ஆவணம் படிப்பது, நினைவூட்டுக் கடிதம் எழுதுவது. ஒரு திட்ட ஆண்டு முழுக்க ஆகும் என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், என்ன மாறினால் ஆம் என்பீர்கள் என்றும் கேளுங்கள். அடுத்த ஆண்டு மதிப்பீட்டுக் காலத்தில் அந்தத் தாளோடு மறுபடியும் போகலாம்.

தீர்மானம் நிறைவேறிவிட்டால் கோப்பை மூடிவிடாதீர்கள். ஒப்பந்தப்புள்ளி கோரினார்களா, பணி ஆணை வந்ததா என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். ஆதரித்து வாக்களித்தவர்களுக்கு, எந்தக் கட்சியானாலும், நன்றிக் கடிதம் போகட்டும். சாலையில் வெள்ளைக் கோடு போட்டு ஒரு மாதம் ஆனதும் அதே நாற்காலி, அதே அட்டையோடு காலையில் போய் மறுபடியும் எண்ணுங்கள். நடுச்சாலையில் திரும்பியவர்களின் பத்தியில் இப்போது எத்தனை கோடு விழுகிறது என்று குறித்து, முதல் கணக்கோடு சேர்த்து அதே உறுப்பினரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.