ஏற்பி இருக்கிறது, எம்ஆர்என்ஏ இல்லை: எது சரி?

கேள்வி: எலியின் சுப்பீரியர் காலிக்குலஸில் (பார்வைத் தகவல் வந்துசேரும் நடுமூளைப் பகுதி) ஆல்ஃபா-6 நிகோடினிக் ஏற்பி என்ற புரதத்தைத் தேடுகிறேன். இந்த ஏற்பியில் ஒட்டும் நத்தை நச்சான கோனோடாக்சின் எம்ஐஐ-யைக் கதிரியக்கமேற்றிப் பிணைத்தால் மேலடுக்கு கருகருவென்று தெரிகிறது. அடுத்த வெட்டில் அந்தப் புரதத்தைத் தயாரிக்க உதவும் செய்தி ஆர்என்ஏவான எம்ஆர்என்ஏவைத் தேடினால் ஒன்றுமே இல்லை. எதை நம்புவது?
– ஆராய்ச்சி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கலாம். எம்ஆர்என்ஏ பெரும்பாலும் செல் உடலிலேயே தங்கிவிடும். ஏற்பிப் புரதம் ஆக்சான் என்ற நீண்ட நரம்பிழை வழியே பயணித்து அதன் முனையில் போய் அமரும். நீங்கள் தேடும் செல் உடல்கள் விழித்திரையில் இருக்கின்றன. விழித்திரையிலிருந்து மூளைக்குத் தகவல் அனுப்பும் கேங்ளியான் செல்களில், சுண்டெலியில், 85 முதல் 90 சதவீதம் இந்த நடுமூளைப் பகுதிக்கு ஆக்சான் அனுப்புகின்றன. அந்த முனைகளில்தான் ஆல்ஃபா-6 குவிந்திருக்கிறது. செரட்டோனின் 1பி ஏற்பிக்கும் இது பொருந்தும். காபா-ஏ என்ற ஏற்பி அப்படியில்லை. மேலடுக்கு நியூரான்களே அதைத் தயாரிப்பதால் பிணைப்பும் எம்ஆர்என்ஏவும் ஒரே இடத்தில் தெரியும்.

ஆனால் உங்கள் ஆர்என்ஏ கெட்டுப்போகவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். காலிக்குலஸின் முன்பகுதி வெட்டை எடுத்தால், அதே வெட்டின் அடியில் இந்த ஏற்பியைத் தயாரிக்கும் செல் உடல்கள் உள்ள சப்ஸ்டான்ஷியா நைக்ரா, வென்ட்ரல் டெக்மென்டம் என்ற பகுதிகளும் இருக்கும். அங்கே ஆல்ஃபா-6 எம்ஆர்என்ஏ பளிச்சென்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கோளாறு ப்ரோபிலோ (எம்ஆர்என்ஏவைத் தேடி ஒட்டும் குறியிட்ட துண்டு) திசுவிலோதான்.

வடசென்னைக் கடற்காற்றில் ஆர்என்ஏ கெடுவது எளிதில் நடக்கும். மைனஸ் 80 டிகிரியில் வைத்த ஸ்லைடுப் பெட்டியைத் திறந்ததுமே ஸ்லைடில் நீர் படியும், ஆர்என்ஏ சிதையும். பிணைப்புச் சோதனைக்கான ஸ்லைடுகளைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியிலேயே அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள், அதுவரை திறக்காதீர்கள். எம்ஆர்என்ஏ ஸ்லைடுகளுக்கு நேர் எதிர் வழி: உருகவிடாமல் எடுத்தவுடன் திசுவை நிலைப்படுத்தும் குளிர்ந்த 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் முக்குங்கள். இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் வையுங்கள். ஒரே பெட்டியில் வைத்துத் திரும்பத் திரும்பத் திறப்பதுதான் பல ஆய்வகங்களில் நடக்கும் தவறு.

அடுத்து, விழித்திரை வெட்டு ஒன்றையும் அதே ஸ்லைடில் ஏற்றுங்கள். கேங்ளியான் செல் அடுக்கில் சிக்னல் வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. இந்தக் கோனோடாக்சின் ஆல்ஃபா-3 ஏற்பியையும் பிடிக்கும் என்பதால் அதற்கான ப்ரோபையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

மீதிப் பாதிக்கு, அதாவது பிணைப்பு விழித்திரையிலிருந்து வரும் முனைகளில்தான் என்று காட்ட, விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு, ஒரு கண் அகற்றிய எலி தேவை. எலியில் பார்வை நரம்பிழைகள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் கடப்பதால், எதிர்ப்பக்கக் காலிக்குலஸில் மட்டும் பிணைப்பு சரியும். அதே வெட்டின் மறுபக்கமே உங்கள் ஒப்பீடு. ஒன்று முதல் இரண்டு வாரத்தில் மூளையை எடுத்துவிடுங்கள். மிகவும் தாமதித்தால் உள்ளூர் நியூரான்களும் மாறத் தொடங்கும், பிறகு விளக்கம் சிக்கலாகும்.

இதற்கெல்லாம் பதிலாக, ஏற்பியோடு ஒட்டிச் சாயம் காட்டும் ஆன்டிபாடி போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நிகோடினிக் ஏற்பி ஆன்டிபாடிகள் பல, அந்த ஜீனே நீக்கப்பட்ட சுண்டெலியிலும் அதே சாயத்தைக் காட்டுகின்றன.