வட்டங்களை நிரப்பினால் சார்ஜ் மிஞ்சுமா?

கேள்வி: பழைய நிசான் லீஃப் மின்சாரக் கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். உப்புவெளியிலிருந்து கந்தளாய்க்கு வேலைக்குப் போய் வருகிறேன். பிரேக் பிடிக்கும்போது, பற்றரிக்குத் திரும்பும் மின்சாரத்தைக் காட்டும் வட்டங்கள் திரையில் நன்றாக நிரம்புகின்றன. ஆனால் சார்ஜ் மிஞ்சுவதாகத் தெரியவில்லை. எதைப் பார்த்து ஓட்டுவது?

பதில்: அந்த வட்டங்களை வரவாக எண்ணிவிட்டீர்கள். ஏற்கெனவே செலவழித்ததில் ஒரு பங்குதான் அப்படித் திரும்பி வருகிறது. வண்டியின் வேகம் மின்சாரமாகிப் பற்றரிக்குப் போய், மறுபடி சில்லுக்கு வருவதற்குள் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடும். ஆகவே வீதியில் மாடு நிற்பது தூரத்திலேயே தெரிந்தால், காலை மெல்லத் தளர்த்தி, மின்சாரம் போவதையும் வருவதையும் காட்டும் மீற்றர் பூச்சியத்தை ஒட்டி நிற்கும்படி வண்டியை உருள விடுங்கள். அப்புறம் தேவையான அளவுக்கு மெதுவாகப் பிரேக் பிடிக்கலாம். முழுச் சார்ஜுடன் புறப்படும் காலையில் வட்டங்கள் குறைவாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். பற்றரியில் ஏற்ற இடமில்லை, அவ்வளவுதான்.

இன்னும் எத்தனை கிலோமீற்றர் போகலாம் என்று காட்டும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். நீங்கள் அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்து அது கணக்குப் போடுகிறது. நகருக்குள் மெதுவாகச் சுற்றியபின் தாராளமாகக் காட்டும். கந்தளாய் வீதியில் வேகமெடுத்ததும் மளமளவென்று இறங்கும்.

நான் பார்க்கச் சொல்வது சராசரியை: 1 கிலோவாட்-மணி மின்சாரத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்பதை. வீட்டு மின்கட்டணத்தில் வரும் 1 யூனிட்டும் இந்த 1 கிலோவாட்-மணிதான். சராசரி 7 என்றால், போய் வர 80 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 11.4 யூனிட் வேண்டும். 6 ஆகக் குறைந்தால் 13.3.

இந்தச் சராசரியை அதிகம் ஆட்டுவது வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். மணிக்கு 70 கிலோமீற்றரிலிருந்து 60க்கு இறங்கினாலே அந்த எதிர்ப்பு கால்வாசிக்கு மேல் குறையும். 40 கிலோமீற்றருக்கு நீங்கள் இழப்பது சுமார் 6 நிமிடம். ஏ.சி.யை இந்த வெயிலில் நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் அது எவ்வளவு கிலோவாட் எடுக்கிறது என்று திரையில் பாருங்கள்: 1 கிலோவாட் வீதம் ஒரு மணிநேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது உங்கள் 7 கிலோமீற்றர். நிழலில் நிறுத்துவதும், ஏறியவுடன் கண்ணாடிகளை இறக்கி வெக்கையை வெளியேற்றுவதும் அதைக் குறைக்கும்.

திங்கட்கிழமை சராசரியைப் பூச்சியமாக்குங்கள். ஒரு வாரம் வழக்கம்போல, மறுவாரம் 60இல் ஓட்டிப் பாருங்கள். எண்ணை ஓடும்போது பார்க்காமல், வண்டியை நிறுத்திய பிறகு குறித்துக்கொள்ளுங்கள்.