கடல் பனி உறைவதும் உருகுவதும் கரியமில வாயுவை என்ன செய்கிறது?

கடல் பனி என்பது கடல்நீரே உறைந்து உண்டாகும் பனி. பனிப்பாறை வேறு, அது நிலத்தில் பெய்த பனியிலிருந்து வந்த நன்னீர். கடல்நீர் சுமார் -1.8 டிகிரி செல்சியஸில் உறையும்போது, பனிப் படிகத்துக்குள் உப்புக்கு இடமில்லை. சாயம் கலந்த தண்ணீரை ஃபிரீசரில் வைத்துப் பாருங்கள்: ஓரங்கள் தெளிந்து, சாயம் நடுவில் திரளும். கடலிலும் அப்படித்தான். உப்பும் கரைந்திருக்கும் கரியமில வாயுவும் ஒதுக்கப்பட்டு, பனிக்குள் இருக்கும் நுண்ணிய கால்வாய்களில் அடர்ந்த உப்புநீராகத் தங்குகின்றன. அதில் பெரும்பகுதி எடை மிகுந்து கீழே வடியும். வாயுவின் ஒரு பங்கும் கூடவே இறங்கும்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் குளிர்ந்த உப்புநீரில் ஐகாயிட் (ikaite) என்ற சுண்ணாம்புப் படிகம் உருவாகிறது. 2008இல் அண்டார்க்டிக் கடல் பனியில் இதைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள். இது உருவாகும்போது கரியமில வாயு வெளிப்படும். உப்புநீரோடு அதுவும் கீழே போகலாம். படிகமோ பனியிலேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் கோடையில் பனி உருகும்போது படிகம் கரைந்து, அதே வினை தலைகீழாக நடக்கும். அப்போது மேற்பரப்பு நீரில் கரியமில வாயு குறைவதால், கடல் காற்றிலிருந்து அதை உறிஞ்சும்.

கடல் பனி காற்றையும் கடலையும் முழுசாகப் பிரிக்கும் மூடி என்று பலர் நினைக்கிறார்கள். கடுங்குளிரில் அது ஓரளவு சரி, ஆனால் வெப்பம் கூடினால் கால்வாய்கள் ஒன்றோடொன்று இணைந்து, வாயு பனியின் ஊடாகவே போய்வரும்.