கேளுங்க சொல்றேன்: டேக்வாண்டோவுக்கு என்ன வயசு?

போன இதழ்ல வேற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது "டேக்வாண்டோவுக்கு எங்க பெரியண்ணன் வயசுதான் இருக்கும்"னு போறபோக்குல எழுதிட்டேன். அதுக்கு வந்த கடிதங்களைப் பார்த்தா கால் நீட்டி உதைக்கிற மாதிரியே இருக்கு. அதனால இந்த வாரம் முழுக்க அதேதான்.

எங்க மாஸ்டர் இது 2000 வருஷத்துக் கலைங்கறாரு. கொரியாவுல கல்லறை ஓவியத்துலயே இருக்காமே. நீங்க எப்படி சார் அப்படி எழுதலாம்? (வாசகர், திருச்சி)

உங்க மாஸ்டர் மேல தப்பே இல்ல, அவருக்கு அவரோட மாஸ்டர் சொன்னது. கோகுர்யோங்கற பழைய கொரிய ராஜ்யத்துக் கல்லறையில ரெண்டு பேரு எதிரெதிரா கை நீட்டி நிக்கிற ஓவியம் இருக்குறது நிஜம், ஷில்லா ராஜ்யத்துல ஹ்வாராங்னு இளவட்ட வீரர் கூட்டம் இருந்ததும் நிஜம். ஆனா அங்கேருந்து இன்னிக்கு உங்க கிளாஸ்ல பண்றது வரைக்கும் ஒரே கோடா இழுக்க முடியாது, நடுவுல கோடு அறுந்து போச்சு.

1910லேருந்து 1945 வரைக்கும் கொரியா ஜப்பான் பிடியில இருந்துச்சு. ஜப்பானுக்குப் படிக்கப் போன கொரியப் பசங்க கராத்தே கத்துக்கிட்டு வந்தாங்க. அதுல ஒருத்தர் லீ வொன் குக், ஷோட்டோகான்கற கராத்தே பாணியை உருவாக்கின ஃபுனாகோஷிகிட்ட கத்துக்கிட்டவரு, 1944ல சியோல்ல சுங் டோ குவான்னு பள்ளி ஆரம்பிச்சாரு. விடுதலைக்கப்புறம் இப்படி நிறைய குவான், அதாவது பள்ளிங்க, முளைச்சு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேரு வச்சுக்கிட்டாங்க.

இன்னொருத்தர் சோய் ஹோங் ஹி, பின்னாடி ராணுவ ஜெனரல் ஆனவரு. இவர் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், அவரே சொன்னதுதான். ஜப்பான் படிப்புக்கு அம்மா குடுத்த காசை ஊர்ல ஒரு மல்யுத்தக்காரன்கிட்ட சீட்டாட்டத்துல விட்டுட்டாராம், ஆத்திரத்துல இங்க் பாட்டிலைத் தூக்கி அவன் நெத்தியில அடிச்சுட்டு காசை எடுத்துக்கிட்டு ஓட்டம். திரும்பி வந்தா அவன் தோலை உரிச்சிருவானேங்கிற பயத்துலதான் கியோட்டோவுல கராத்தே கத்துக்கவே ஆரம்பிச்சிருக்காரு.

பேரு வந்தது இன்னும் வேடிக்கை. 1950கள்ல தென் கொரிய ஜனாதிபதி சிங்மன் ரீ முன்னாடி ஒரு ராணுவ டெமோ, நாம் தே ஹிங்கறவரு ஒரே குத்துல 13 கூரை ஓடுகளை உடைச்சுக் காட்டினாரு. பார்த்த ஜனாதிபதி "இது டேக்கியோன்தானே"ன்னுட்டாரு. டேக்கியோன்கறது காலால தட்டிவிட்டு ஆடுற நெசமான பழைய கொரிய விளையாட்டு, பாதி டான்ஸ் மாதிரி ஆட்டமா இருக்கும். இவங்க பண்ணினது அது இல்ல, ஆனா ஜனாதிபதி வாயால வந்துருச்சே! அதே சத்தத்துல பேரு தேடி, தே-ன்னா கால், குவோன்னா முஷ்டி, டோ-ன்னா வழின்னு ஒட்டவச்சு, 1955 ஏப்ரல் 11ல ஒரு கூட்டத்துல முடிவு பண்ணினாங்க. பழைய டேக்கியோன் செத்துப்போகல, 2011ல யுனெஸ்கோ பட்டியல்லயே ஏறிருச்சு, பழசு வேணும்னா அதைத்தான் பார்க்கணும்.

அதுக்காக டேக்வாண்டோ வெறும் காப்பின்னும் சொல்லிராதீங்க. கராத்தேவுல கை அதிகம், இவங்க அதை மொத்தமா காலுக்கு மாத்தி, சுத்தி அடிக்கிறது, பறந்து அடிக்கிறதுன்னு வேற ஒண்ணாவே ஆக்கிட்டாங்க.

நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர்தானே இதுக்கெல்லாம் மூலம்? (வாசகர், வேலூர்)

அவர் சண்டை சொல்லிக்குடுத்தார்ங்கிற கதையே 17ஆம் நூற்றாண்டுல வந்த ஒரு சீனப் புத்தகத்தை வச்சுக் கிளம்புனது, அவரு வாழ்ந்ததா சொல்றதுக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல பிந்தி. விட்டுருங்க.

கிளாஸ் ஆரம்பிக்கும்போது பசங்க இங்கிலீஷ்ல அஞ்சு வார்த்தை கத்துறாங்களே, அர்த்தம் என்ன? (வாசகி, ஈரோடு)

இது சோய் வச்ச அஞ்சு கொள்கை, இங்கிலீஷ்ல கேட்டா ஆபீஸ் போஸ்டர் மாதிரி இருக்கும், கொரிய வார்த்தையில பார்க்கணும். யேஉய் மரியாதை, இன்னே பொறுமை. கேக்கி, தன்னைத் தானே ஜெயிக்கிறது. கடைசி பேக்ஜோல் புல்குல், நூறு தடவை முறிஞ்சாலும் வளையமாட்டேன்னு அர்த்தம். மிச்சம் இருக்குற யோம்சிதான் முக்கியம், இங்கிலீஷ்ல நேர்மைன்னு போட்டுட்டாங்க, ஆனா அது வெட்கம், தப்பு பண்ணக் கூசுறது. வள்ளுவர் நாணுடைமைன்னு ஒரு அதிகாரமே எழுதியிருக்காரே, அதேதான். இங்க் பாட்டில் வீசினவரு இந்த வார்த்தையைச் சேர்த்திருக்காருன்னு நினைச்சா எனக்குச் சிரிப்பும் வருது, நியாயமாவும் படுது.

எனக்கு 42 வயசு. பொண்ணு கூட நானும் சேரலாமா? ரோட்டுல யாராவது வம்பு பண்ணினா உதவுமா? (வாசகி, கோவை)

தாராளமா சேருங்க. இடுப்பு, தொடை இறுக்கம் விடும், ஒத்தைக்கால்ல நிக்கிற பேலன்ஸ் வரும், அது நம்ம வயசுல சும்மா கிடைக்கிற விஷயம் இல்ல. பூம்சேன்னு தனியா வரிசையா செய்யிற அசைவுகள் இருக்கு, ஞாபகத்துக்கு நல்ல வேலை. ஆனா வார்ம்-அப் இல்லாம உசரமா உதைச்சீங்கன்னா தொடைப் பின்பக்கம் பிடிச்சுக்கும், நான் பச்சை பெல்ட்ல நின்னதே அதனாலதான்.

ரோட்டு விஷயத்துல நேராவே சொல்றேன். ஒலிம்பிக் பாணியில முகத்துல குத்தக் கூடாது, உடம்புல குத்தினா 1 பாயிண்ட், தலையில உதைச்சா 3, சுத்தித் தலையில உதைச்சா அதைவிட அதிகம். பாயிண்ட் எங்க இருக்கோ அங்கதான பயிற்சியும் போகும், அதனால நிறைய பேரு கையைத் தொங்கப் போட்டுக்கிட்டே ஆடுவாங்க. 1966ல சோய் ஆரம்பிச்ச ஐ.டி.எஃப்ங்கற சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்போட பாணியில க்ளவுஸ் போட்டு முகத்துக்கும் குத்து உண்டு. அதுவும் ரோடு இல்ல. சேலையோ ஜீன்ஸோ போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்ட்ல தலை உசரத்துக்கு உதைக்கலாம்னு நினைக்காதீங்க. சத்தமா கத்துறது, தூரத்தை அளக்குறது, பயத்துல உறைஞ்சு போகாம இருக்குறது, இந்த மூணு வரும், அப்புறம் ஓடுறதுக்குக் காலும் இருக்கும்.

எட்டு வயசுப் பையனுக்கு ஒரே வருஷத்துல பிளாக் பெல்ட் தர்றேங்கறாங்க, நம்பலாமா? (வாசகர், சேலம்)

பெல்ட் டெஸ்ட் ஃபீஸ் எவ்வளவுன்னு முதல்ல கேளுங்க. சியோல்ல இருக்குற டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன் முறையில 15 வயசுக்குக் கீழ டான், அதாவது பிளாக் பெல்ட் தரம், கிடையாது, பூம்னு ஒண்ணுதான் குடுப்பாங்க, அந்த பெல்ட்டே பாதி சிவப்பு பாதி கறுப்பா இருக்கும். முழுக் கறுப்பா கட்டிவிட்டா ஏன்னு கேளுங்க, பதில் சொல்லத் தடுமாறினா வேற கிளாஸ் பாருங்க.