கடலுக்குப் பக்கத்து வீட்டில் பழைய பாத்ரூமை ஷவரோடு புதுப்பிக்க எந்த டைல்ஸ், எந்த பிட்டிங்ஸ் நல்லது?

கேள்வியில் நீங்கள் தந்த விபரங்கள் இவ்வளவு: வீடு திருகோணமலையில், நிலாவெளி வீதிப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரம். பாத்ரூம் 5 அடிக்கு 8 அடி. தண்ணீர் கூரைக்கு மேலே உள்ள தாங்கியிலிருந்து வருகிறது. உங்களோடு வயதான அம்மா இருக்கிறார். பெரிய மழை ஷவரும் கண்ணாடித் தடுப்பும் போட ஆசை.

நான் உப்புவெளியில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறேன். வருகிற ஆட்கள் கட்டிலைப் பார்க்கும் முன் பாத்ரூம் கதவைத்தான் திறந்து பார்ப்பார்கள். அதனால் எது எவ்வளவு காலம் உழைக்கும் என்று கவனிப்பதே எனக்குப் பாதி வேலை. என் கணக்கில், நம்முடைய ஊரில் பாத்ரூமைக் கெடுப்பது இரண்டு: கடற்காற்றில் வரும் உப்பு, கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு. கொழும்புக் கடையில் ஏசிக்குள் பளபளக்கும் சாமானை வாங்கும்போது இந்த இரண்டும் நினைவில் இருக்க வேண்டும்.

டைல்ஸ் கடைக்குப் போகும் முன் தண்ணீர் அழுத்தத்தைப் பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். உங்கள் தாங்கியின் தண்ணீர் மட்டம் ஷவர் தலையிலிருந்து 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார்தான். கடையில் தொங்கும் அந்த அகலமான மழை ஷவர்களில் பெரும்பாலானவை 1 பாரை எதிர்பார்த்துச் செய்தவை. 0.2 பாரில் தண்ணீர் நடுவில் மட்டும் ஒழுகும், ஓரத்துத் துளைகள் சும்மா இருக்கும். ஷவர் வரப்போகிற உயரத்தில் குழாயைத் திறந்து 10 லீற்றர் வாளி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். நிரம்ப ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போனால் மழை ஷவரை மறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பம்ப் ஒன்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். கரண்ட் போனால் பம்பும் போய்விடும் என்பது தெரிந்ததுதானே. தாங்கியிலிருந்து மிக்சர் (சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் குழாய்) வரைக்கும் முக்கால் அங்குலப் பைப் கொண்டு வந்து, கடைசியில் மட்டும் அரை அங்குலத்துக்கு மாற்றி, நடுத்தர அளவில் ஒரு ஷவர் தலை போட்டால் பம்ப் இல்லாமலே திருப்தியாகக் குளிக்கலாம். சுவரை உடைத்திருக்கும் நேரத்தில் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது.

அடுத்தது தரை. ஷவர் பகுதியில் தண்ணீர் தேங்காமல் ஓட, ஓர் அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் வேண்டும். இதில்தான் 2 அடிக்கு 2 அடிப் பெரிய டைல்ஸ் தொல்லை தரும். நடுவில் வடிகால் வைத்தால் நாலு பக்கமும் சரிய வேண்டும், பெரிய டைல்ஸ் அப்படி வளையாது, மூலைக்கு மூலை வெட்டித்தான் போட வேண்டும். வெட்டின ஓரம் காலைக் கீறும். ஷவருக்குக் கீழே மட்டும் 4 அங்குல டைல்ஸோ மொசைக்கோ போடுங்கள். இடைவெளிக் கோடுகள் கூட இருப்பதால் ஈரக்காலுக்குப் பிடிமானமும் கிடைக்கும். பெரிய டைல்ஸ்தான் வேண்டுமென்றால் வடிகாலை நீளமானதாக எடுத்துச் சுவரோரம் வைத்து, ஒரே பக்கமாக வாட்டம் கொடுங்கள்.

தரைக்கு மினுக்கம் இல்லாத போர்சலின் எடுங்கள். போர்சலின் உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் 10 சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும். சுவரில் அதனால் பெரிய குறை இல்லை, விலையும் குறைவு. ஆக, தரைக்குப் போர்சலின், சுவருக்குச் செராமிக். மாபிள், கருங்கல் மாதிரி இயற்கைக் கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாபிளில் படியும் சுண்ணாம்புக் கறையைப் போக்க வினாகிரி தொட்டால் மினுக்கமும் சேர்ந்து போய்விடும். நிறம் உங்கள் விருப்பம். ஆனால் கறுப்பு டைல்ஸில் காய்ந்த தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் வெள்ளையாகத் தெரியும். மணல் நிறம், வெளிர் சாம்பல் இரண்டும் நம்ம தண்ணீருக்குச் சரி.

போர்சலின் உறிஞ்சாது என்றேனே, அதற்கு ஒரு விளைவு உண்டு. பழைய பாணியில் சீமெந்துப் பாலைத் தடவி ஒட்டினால் அது பிடிக்காது, போர்சலினுக்கென்று விற்கும் டைல்ஸ் பசைதான் வேண்டும். சில மேசன்மார் டைல்ஸின் பின்பக்கம் நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமத்திவிடுவார்கள். உருண்டைகளுக்கு இடையில் வெற்றிடம் இருக்கும், தண்ணீர் அதில் தங்கும். பல் வைத்த கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் ஒரு நாணயக் குற்றியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெறுமையாகக் கேட்கிறதைக் கூலி கொடுக்கும் முன் கழற்றி ஒட்டுவியுங்கள்.

அதற்கு முன், நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு. டைல்ஸ் தண்ணீரைத் தடுத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டைல்ஸ் தடுக்கும், இடைவெளிச் சீமெந்து தடுக்காது. பழைய டைல்ஸுக்கு மேலேயே ஒட்டினால் செலவு குறையும் என்று சொல்வார்கள், சம்மதிக்க வேண்டாம். தரை உயர்ந்து தண்ணீர் அறைக்குள் வரும், மினுக்கமான பழைய டைல்ஸில் பூச்சும் சரியாகப் பிடிக்காது. உடைத்து எடுத்து, சீமெந்தோடு திரவம் கலந்து பூசும் வகையை இரண்டு தரம் பூசுங்கள், முதலாவது நெடுக்கு, இரண்டாவது குறுக்கு. சுவரும் தரையும் சேரும் மூலையிலும் பைப் வெளியே வரும் இடத்திலும் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும். ஷவர் பக்கச் சுவரில் 6 அடி உயரம் வரை ஏற்றுங்கள். பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, வடிகாலைத் துணிப் பந்தால் இறுக்கி அடைத்து, 2 அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு 24 மணித்தியாலம் கதவைச் சாத்துங்கள். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை. மேசனுக்கு அன்று வேலை இல்லாமல் போவதால் முகம் கொஞ்சம் மாறும். அந்த நாள் கூலியைக் கொடுத்துவிட்டாவது இதைச் செய்யுங்கள்.

மணல் விஷயத்திலும் கவனம். கடற்கரை மணல் கலந்து வந்தால் அதிலுள்ள உப்பு சுவரில் வெள்ளையாகப் பூக்கும், கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் தின்னும். ஆற்று மணல்தானா என்று நாக்கு நுனியில் ஒரு துளி வைத்துப் பார்க்கிற மேசன்மார் இன்னும் இருக்கிறார்கள்!

இனி உலோகம். இதில்தான் நம்ம ஊரில் அதிகம் ஏமாறுகிறோம். ஹாட்வெயார் கடையில் காந்தத்தை வைத்துக் காட்டுவார்கள், ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் என்று. மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அதில் நிக்கல் குறைவு, கடற்காற்றில் கெதியாகக் கறள் பிடிக்கும். வீட்டுக்குள் 304 போதும், துடைத்து வைத்தால் உழைக்கும். ஜன்னலோரம், கடலைப் பார்த்த பக்கம் என்றால் 316 கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மொலிப்டினம் சேர்த்திருப்பதால் உப்பைத் தாங்கும். மிக்சரும் குழாயும் பித்தளையில் குரோம் பூசினதாக இருக்கட்டும். கையில் தூக்கிப் பாருங்கள், நாகக் (துத்தநாகக்) கலவையில் வார்த்தது அதே அளவில் எடை குறைவாக இருக்கும், பூச்சு பொங்கி உரியும். ஒன்றை மறந்துவிடுவோம்: நல்ல சாமான் வாங்கிவிட்டு அதைப் பூட்டுவது சாதாரண இரும்பு ஸ்குரூவால். ஆறு மாதத்தில் டைல்ஸில் மண்ணிறக் கண்ணீர் வடியும். ஸ்குரூவையும் ஸ்டெயின்லெஸ்ஸிலேயே கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடி அறை வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். கிணற்றுத் தண்ணீர் என்றால் ஒவ்வொரு குளிப்புக்கும் பிறகு துடைக்க வேண்டும், யார் துடைப்பது? கீல், உருளை, சட்டம் எல்லாம் உப்புக்குத் தீனி. ஆசை விடவில்லை என்றால் கதவே இல்லாமல், அசையாத ஒற்றைப் பலகையாக 8 மில்லிமீட்டர் டெம்பர் கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கினது) வையுங்கள். டெம்பர் செய்த பின் வெட்டவோ துளையிடவோ முடியாது, ஆகவே சுவரில் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகே அளவெடுக்க வேண்டும்.

அம்மாவுக்காக: ஷவர் பகுதிக்குக் கட்டு வைக்காதீர்கள், வாட்டமே தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். பிடிகம்பியின் ஆணி டைல்ஸில் நிற்காமல் கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உட்பக்கம் திறக்கும் கதவென்றால் அம்மா உள்ளே விழுந்து கிடக்கும்போது தள்ளித் திறக்க முடியாமல் போகும். கையில் எடுக்கும் ஷவரும், கீழே வாளி வைக்க ஒரு குழாயும் கட்டாயம். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிப் பழகினவர்களுக்குத் தலைக்கு மேலே தூறுவது குளியலே இல்லை.

சுடுதண்ணீர்? கச்சான் காற்று வீசும் வெயில் காலத்து மத்தியானத்தில் தாங்கித் தண்ணீரே கொதிக்கும், வெந்நீர் ஊற்றுள்ள கன்னியாவுக்குப் போகத் தேவையில்லை. மாரியில் அம்மாவுக்கு வேண்டியிருக்கும். ஹீட்டர் போடுவதென்றால் நல்ல எர்த்தும், கரண்ட் கசிந்தால் தானே நிற்கும் 30 மில்லி அம்பியர் றிப் சுவிட்சும் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கொண்டு பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டைல்ஸ் வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் நிற இலக்கம் ஒன்றா என்று பாருங்கள், ஒரே மாதிரி டைல்ஸும் சூளைக்குச் சூளை நிறம் மாறும். தேவைக்கு மேல் ஒரு பெட்டி வாங்கி வையுங்கள். பின்னாளில் பைப் ஒழுகி நாலு டைல்ஸை உடைக்க வேண்டி வந்தால் அந்த நிறம் எந்தக் கடையிலும் இருக்காது.